மாலுமியின் கையில் துப்பாக்கியைத் திணிக்காதீர்கள்

வணிகக் கப்பல் மாலுமிகளின் கையில் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகர்க் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசினார். கடற்கொள்ளையன் ஏறி வரும்போது அறைக்குள் பூட்டிக்கொண்டு உட்காருகிறவன் என்ன மாலுமி என்று அவர் கேட்டதும் முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாலுமிகளின் மனைவிமாரும் தாய்மாரும் கைதட்டவில்லை. மேடையில் இருந்தவர்களில் ஒருவர்கூட மறுத்துப் பேசாததால் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

வணிகக் கப்பலுக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தான கடற்பகுதியைக் கடக்கும்போது பயிற்சி பெற்ற ஆயுதக் காவலர்கள் ஏறட்டும். அந்தச் செலவைக் கப்பல் முதலாளி ஏற்கட்டும். அரசு போர்க்கப்பலை அனுப்பட்டும். ஆனால் கயிறு கட்டவும் பெயின்ட் அடிக்கவும் இயந்திரம் பார்க்கவும் சம்பளம் வாங்குகிறவனிடம் துப்பாக்கியைக் கொடுத்து "நீயே சுட்டுக்கொள்" என்று சொல்லாதீர்கள். மாலுமிகள் தற்காப்புக்காக ஆயுதம் ஏந்துவதை ஊக்குவிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பே வலியுறுத்தியிருக்கிறது.

பூட்டிக்கொள்ளும் அறையைப் பற்றி அந்தப் பேச்சாளர் ஏளனமாகப் பேசியதால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிட்டடல் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பாதுகாப்பறைக்குள் எல்லோரும் இறங்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வானொலியில் தகவல் கொடுத்துக் காத்திருப்போம். ஏறி வந்தவனுக்குக் கப்பலைச் செலுத்தவும் முடியாது, பிணையாகப் பிடித்து வைக்க ஆளும் கிடைக்காது. மேல்தளத்தில் நம் ஆள் ஒருவன்கூட இல்லை என்று தெரிந்தால்தான் கமாண்டோக்கள் துணிந்து ஏற முடியும். 2024 ஜனவரியில் சோமாலியாவுக்குக் கிழக்கே லீலா நார்ஃபோக் என்ற சரக்குக் கப்பலில் ஆயுததாரிகள் ஏறியபோது, 15 இந்தியர்கள் உட்பட 21 பேரும் இப்படித்தான் உள்ளே இருந்தார்கள். நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐஎன்எஸ் சென்னை போய்ச் சேர்ந்தது. 21 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். இதைக் கோழைத்தனம் என்று ஒரு கடற்கரை ஊரில் நின்று சொல்ல எப்படி மனம் வந்தது?

நான் போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவனாக, இருந்த நாட்களில் ஏடன் வளைகுடாவைக் கடப்பதென்றால் கப்பலின் ஓரம் முழுக்க முள்கம்பிச் சுருள் கட்டுவோம். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் நீர் பாயும்படி திருப்பி வைப்போம். பாய்லர் சூட் என்னும் பழைய வேலை உடுப்புக்குள் கந்தலை அடைத்து ஆள் நிற்பதுபோல நிறுத்துவோம். அப்படி ஒரு பயணத்தின் அதிகாலைக் காவல் முறையில் இரண்டு சிறு படகுகள் எங்களை நோக்கி நேராக விரைந்து வந்தன. அபாய மணி அடித்தது. முன்படகில் நின்றவன் நீளமாக எதையோ தூக்கிக் காட்டினான். இருட்டு முழுதாக விலகாத அந்த நேரத்தில் அது துப்பாக்கி என்றே எங்கள் எல்லோருக்கும் பட்டது. என் பக்கத்தில் நின்ற சிங்காரத்தோப்புப் பையன் மட்டும், "அண்ணே, வலை போட்டிருக்கான் அண்ணே, விலகிப் போகச் சொல்றான்" என்று கத்தினான். அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை என்பதால் அது அவனுக்குத் தெரிந்தது. அந்த ஆள் தூக்கிக் காட்டியது மிதவையில் கட்டும் கொடிக்கம்பு. அன்று எங்கள் கையில் துப்பாக்கி இருந்திருந்தால், அவன் கத்துவதற்கு முன்பே யாராவது சுட்டிருப்போம்.

தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் நம் ஆட்கள் செய்வதும் அதுதானே? வலையைக் கப்பல் அறுத்துவிடும் என்றால் படகை அதன் எதிரே ஓட்டிக்கொண்டு போய்க் கையசைப்பார்கள். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்கள். மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகு என்று நினைத்துச் சுட்டதாகச் சொன்னார்கள். அவர்களை இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று சர்வதேசத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது; 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பயிற்சி பெற்ற வீரனுக்கே இந்தத் தவறு நேர்ந்தது என்றால், தூக்கம் கெட்டுப் பயந்து நிற்கும் மாலுமிக்கு என்ன நேரும்?

அப்படியானால் காவலர்கள் மட்டும் எதற்கு என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் கேட்கிறார். எப்போது எச்சரிப்பது, எப்போது சுடுவது என்பது அவர்களுடைய தொழில். தவறினால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆயுதக் காவலர் இருந்த கப்பல் எதையும் சோமாலியக் கொள்ளையரால் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை என்று கப்பல் துறையினர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் காவலர் வேண்டும் என்கிறேன். இந்தியக் கப்பல்களில் அவர்களை ஏற்ற 2011இலேயே அரசு வழி செய்துவிட்டது.

அந்தக் காலத்து வணிகக் கப்பல்கள் பீரங்கியோடுதானே வந்தன என்று இன்னொருவர் கேட்கிறார். வந்தன. வணிகத்துக்கென்று வந்தவர்கள் பீரங்கியையும் கொண்டுவந்ததால் என்ன ஆயிற்று என்பதைப் கடலூரில் ஆங்கிலேய வணிகக் கம்பெனி வைத்திருந்த புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளில் போய்ப் பார்க்கட்டும்.

உரிமம் வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்பவர்களுக்குத் துறைமுகச் சட்டம் தெரியவில்லை. ஒரு நாட்டில் வாங்கிய உரிமம் அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் செல்லாது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அருகே பிடிபட்ட சீமேன் கார்டு ஓகையோவை மறந்துவிட்டார்களா? கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் நிறுவனத்தின் கப்பல் அது. அதில் இருந்த 35 பேர் மீதும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வந்தது. ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில்தான் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அவர்களை விடுவித்தது. அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த நிலை. அயல்நாட்டுத் துறைமுகத்தில் துப்பாக்கியோடு பிடிபடும் நம் ஊர்ப் பையனுக்கு யார் வக்கீல் வைப்பார்கள்? முன்வரிசையில் கைதட்டியவர்களா?

என் கோபம் துப்பாக்கியோடு முடியவில்லை. ஐஸ்பெர்க் 1 கப்பல் 2010 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையரிடம் பிடிபட்டது. முதலாளி கைவிட்டுவிட்டார். இந்தியர்களும் இருந்த அந்தக் கப்பலில் 24 பேர் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பிணையாகக் கிடந்தார்கள். 2012 டிசம்பரில் மீண்டவர்கள் 22 பேர். கொள்ளையரிடம் சிக்கிய அஸ்பால்ட் வென்ச்சர் கப்பலுக்கு மீட்புப் பணம் கைமாறிய பிறகும், இந்தியச் சிறையில் உள்ள தங்கள் ஆட்களை விட வேண்டும் என்று சொல்லி, இந்தியர்கள் ஏழு பேரை மட்டும் கொள்ளையர்கள் 2014 வரை விடவில்லை. அந்த ஆண்டுகளில் மாலுமி வீட்டுப் பெண்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். என் சொந்தத்திலேயே ஒரு பெண், கணவனின் கப்பலில் இருந்து சில நாட்கள் தகவல் வராமல் போனபோது, கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வாசலில் நாள் முழுவதும் நின்று பார்த்தாள். அவளை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. அப்போதெல்லாம் வீரத்தைப் பற்றிப் பேச யாரும் வரவில்லை.

2023 ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடல் அதிக ஆபத்துப் பகுதி இல்லை என்று கப்பல் தொழில் அமைப்புகள் அறிவித்தன. அதே ஆண்டு டிசம்பரில் ரூயன் என்ற சரக்குக் கப்பல் சோமாலியக் கொள்ளையரிடம் பிடிபட்டது. அதை மீட்க 2024 மார்ச் வரை ஆனது. நம் கடற்படைதான் 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து 17 பேரை மீட்டது. காவலர் செலவை யார் ஏற்பது என்று முதலாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்த மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி முழுவதும் மாலுமியிடம்தான் கேட்கப்பட்டது.

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பலாமா என்று கூட்டத்துக்குப் பிறகு எனக்கு எழுதிய தாய்மார்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல இயலவில்லை. அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கப்பலில் சேர்வதற்கு முன் ஏஜென்சியிடம் மூன்றைக் கேளுங்கள்: அந்தக் கடற்பகுதியில் காவலர் ஏறுவார்களா, பாதுகாப்பறையில் தனி வானொலி இருக்கிறதா, ஆபத்துப் பகுதிக்கு வர மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கப்பல் வேண்டாம்.