மேல் கிணறு நிறைந்தால் ஆழத்திலும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை
கண்காணிப்புக் கிணறுகளில் மட்டம் ஏறியிருப்பதால் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மீண்டுவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கங்கைச் சமவெளி போன்ற வண்டல் பூமிக்கு அது ஓரளவு சரி. நம் மாநிலத்திலோ ஏறத்தாழ 73 சதவீதப் பரப்பு கடினப்பாறை. மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கு நல்ல மழை பெய்தால் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்குள் நிற்கும் தண்ணீர் வேறு கணக்கு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை அளக்கும் கிணறுகளில் திறந்த கிணறுகள் நிறைய. அவை காட்டுவது மேலடுக்கைத்தான். தர்மபுரி பக்கம் எங்கள் கிணறு ஐப்பசி மழையில் படிக்கட்டு மூழ்க நிறைந்திருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் 800 அடிக்கு மேல் போர் ஓட்டியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது, கையில் ஒட்டும் ஈரம்கூட இல்லை. அப்புறம் இன்னொன்று: கோடையில் வற்றிப்போன கிணற்றில் அளக்க எதுவும் இருக்காது. அதை விட்டுவிட்டுச் சராசரி போட்டால் நிலைமை நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். பாறைகளை ஆராயும் புவியியல் துறைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவைத்தான் 1972-ல் இந்த வாரியத்தோடு இணைத்தார்கள். பாறையைப் படிக்காமல் நீரைக் கணக்கிட முடியாது. நிலத்துக்கு அடியில் நீரைத் தேக்கி வைக்கும் அடுக்குகளை (நீர்த்தாங்கி) வரைபடமாக்க 2012-ல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டமும் அதற்குத்தான். பிர்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்க் குறுவட்டம்) ஒரே எண் போதாது, கிணற்று மட்டத்தையும் ஆழ்துளை மட்டத்தையும் தனித்தனியாக வெளியிட்டால்தான் புதிதாக போர் போடலாமா என்று விவசாயி முடிவு செய்ய முடியும்.