வீடியோ பார்த்தால் மட்டும் என்பிடெல் சான்றிதழ் வராது
‘என்பிடெல் படிப்பில் சேர்ந்து மொபைலில் வீடியோவை ஓடவிட்டால் போதும், ஐஐடி சான்றிதழ் இலவசமாக வீட்டுக்கே வரும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. என்பிடெல் என்பது ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் படிப்புத் திட்டம்; அதில் சேர்வதும் பாடம் கேட்பதும் இலவசம்தான். பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்கலாம், வாராந்திரப் பயிற்சியையும் போனிலேயே முடித்துவிடலாம்.

சான்றிதழ் வேறு கதை. அதற்குத் தனியாகப் பதிவு செய்து, ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கணினியில்தான் தேர்வு, ஆனால் கண்காணிப்பாளர் பக்கத்திலேயே இருப்பார். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மதிப்பெண்ணில் 75 பங்கு இந்தத் தேர்வுக்கு, 25 பங்குதான் வாராந்திரப் பயிற்சிக்கு. 12 வாரப் படிப்பென்றால் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரியை எடுப்பார்கள். பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டையும் தனித்தனியாக எட்டியாக வேண்டும். விடைகளை வாட்ஸ்அப் குழுவில் வாங்கி 25ஐயும் அள்ளியவர்கள் தேர்வில் மாட்டிக்கொள்வது இதனால்தான்!

அப்புறம், இது ஐஐடி பட்டமோ டிப்ளமோவோ அல்ல. ஒரு பாடத்தை முடித்ததற்கான சான்று, அவ்வளவே. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐஐடியில் படித்தேன்’ என்று போட்டுவிடாதீர்கள். அதற்காக மதிப்பில்லை என்றும் சொல்லமாட்டேன்: மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாக (என்பிடெல் பாடங்களும் அதில்தான் வருகின்றன) படித்ததைக் கல்லூரிகள் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்கான மதிப்பலகாக, ஏற்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016லேயே விதி கொண்டுவந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் எவ்வளவு பங்கை இப்படிப் படிக்கலாம் என்ற வரம்பு 2021 விதிகளில் 40 சதவீதம் வரை உயர்ந்தது. உங்கள் கல்லூரி எந்தெந்தப் பாடத்தை ஏற்கிறது என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.