நாம் கைதட்டிய அறை

அமெரிக்காவில் வாழும் நம் தமிழர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பாதியில் எழுந்து வந்ததைப் பற்றிக் குழுவில் நடக்கும் பேச்சை நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அக்காவுக்குக் குடியுரிமையோடு கோபமும் சேர்ந்து வந்துவிட்டது" என்று ஒருவர் எழுத, இருபது பேர் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் "அமெரிக்காவுக்கு ஏது பண்பாடு? அது வெறும் கடைத்தெரு" என்று சிறப்புரையாளர் முழங்கியபோது நீங்கள் கைதட்டிய அறை, நம் ஊர்ப் பொது நூலகத்தின் கீழ்த்தள அறை. அதற்கு வாடகை கிடையாது. முன்பதிவு என் நூலக அட்டையில் செய்யப்பட்டது.

நான் சொல்வது ஒன்றுதான். இந்த நாட்டின் பண்பாட்டைக் கோபுரங்களில் தேடினால் கிடைக்காது. அது ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் நூலகத்திலும் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1785-இல், மேற்கு நிலங்களை அளப்பதற்கு இயற்றிய சட்டத்தில், 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு ஊர்ப்பிரிவிலும் 16-ஆம் துண்டு பொதுப் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், உழவும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. ஜெஃபர்சன் தம் கல்லறையில் பொறிக்கச் சொன்ன மூன்று செயல்களில் ஒன்று, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. குடியரசுத் தலைவராக இருந்ததை அவர் குறிப்பிடவே இல்லை. பாஸ்டன் பொது நூலகத்தின் வாசலுக்கு மேலே 'அனைவருக்கும் இலவசம்' என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவில் இப்படி எழுதி வைப்பார்களா?

2004-இல் கணவரின் விசாவை ஒட்டி வந்தவள் நான். வேலை செய்ய அனுமதி கிடையாது, காரோட்டத் தெரியாது, பனிக்காலம் வேறு. மின்கட்டண ரசீதைக் காட்டியதும் நூலகத்தில் அட்டை கொடுத்துவிட்டார்கள். என்ன விசா, எத்தனை நாள் இருப்பாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் ஒரு தாள் இல்லாமல் எங்கும் நுழைய முடியாதிருந்த எனக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்பதை, வந்த மறுநாளே அலுவலகம் போனவர்களுக்கு எப்படி விளக்குவது? அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ஈடாக வந்த ரூபாயைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நம் மொழிகளின் நூல்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பண்பாடு இல்லாதவர்கள் நம் பண்பாட்டை அட்டவணை போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை பெரிய குற்றம்!

"அடிமை முறையை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. ஜெஃபர்சனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-இலேயே குற்றமாக்கியது. எழுத்து யாருக்கு என்று விதி போட்ட கதை நமக்கும் புதிதல்ல. ஆனால் பால்டிமோர் தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பதிலுக்குப் பாடம் வாங்கிக்கொண்ட அடிமைச் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸ் யார்? விடுதலைக்குப் பின் 1866-இல் ஃபிஸ்க், 1867-இல் ஹோவர்ட் என்று கறுப்பின மக்களுக்கான கல்லூரிகள் எழுந்தபோது அங்கே போய் அமர்ந்தவர்கள் யார்? அவர்களையும் கடைத்தெருக்காரர்கள் என்பீர்களா? இந்த மரபை அதிக விலை கொடுத்து வாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கழித்துவிட்டு அமெரிக்கப் பண்பாடு என்று எதைப் பேசுவது?

மோரில் சட்டம் கொடுத்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலம் என்பதும் உண்மை. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை அகற்றுகிறார்களே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அதை எதிர்த்து நம் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்றவர்களில் நானும் ஒருத்தி. உங்களில் ஒருவரைக்கூட அங்கே பார்த்த நினைவு எனக்கு இல்லை.

தமிழைத் தாழ்த்துகிறேன் என்கிறீர்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் ஞாயிறுதோறும் உங்கள் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கைபிடித்துக் கற்பித்தவள் நான். அந்த வகுப்பு நடந்ததும் அதே கீழ்த்தள அறையில்தான். அப்போது அது கடைத்தெருவாக யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படம் எடுத்துப் போடும்போதும் தெரிவதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் என் அட்டையிலேயே அறையைப் பதிவு செய்ய முடியுமா என்று செயலாளர் நேற்றிரவு கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் எழுதவில்லை.