ஏர்லி டெசிஷன்: கையெழுத்துக்கு முன் கணக்கு

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் செப்டம்பர் பிறந்தாலே, ஏர்லி டெசிஷன் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற உறுதியோடு ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது) போடலாமா வேண்டாமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு ஆண்டுச் செலவைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து, தொகையைச் சொல்லிப் பேசாத வீட்டில் அதைப் போடவே கூடாது.

பெரும்பாலும் நவம்பர் 1 கெடு. டிசம்பர் நடுவில் முடிவு. இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும் என்று மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். எம்.ஐ.டி.யில் இருக்கும் ஏர்லி ஆக்‌ஷன் அப்படியல்ல. இடம் கிடைத்த பிறகும் வசந்தம் வரை மற்ற கல்லூரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்றவை முதலாண்டு வகுப்பில் ஏறத்தாழப் பாதியை ஏர்லி டெசிஷனிலேயே நிரப்பிவிடுவதால், வாய்ப்பு கூடும் என்று பெற்றோர் நம்புவதில் நியாயம் உண்டு. ஆனால் பயிற்சியாளர்கள் முன்பே தேர்ந்துகொண்ட விளையாட்டு வீரர்களும் அந்த எண்ணிக்கையில்தான் அடங்குகிறார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நம்மில் பலரின் சிக்கல் பணத்தில் இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை என்றால் தேவை அடிப்படையிலான உதவி கிடைப்பது அரிது. பென்சில்வேனியா, பிரின்ஸ்டன், கார்னெல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளில் திறமைக்காகத் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது. ஆனால் வீட்டுக் கடன், ஊரில் இருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவு, அடுத்த பிள்ளையின் படிப்பு எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது நமக்குத்தான் தெரியும். உதவித்தொகை போதாவிட்டால் விலகிக்கொள்ள விதி இடம் தருகிறது என்பது உண்மைதான். அப்படி விலகும்போது கையில் வேறு இடம் இருக்காது, ஜனவரிக் கெடுக்கள் மட்டும் கண்முன் நிற்கும். பிரின்ஸ்டன் 2006-இல் இம்முறையைக் கைவிட்டபோது, இது வசதியுள்ளவர்களுக்கே சாதகம் என்று சொன்னது. 2011-இல் முன்கூட்டிய விண்ணப்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கட்டுப்படுத்தாத வகையையே தேர்ந்தது.

போடலாம் என்று நான் மனதார ஒப்புக்கொண்ட வீடும் உண்டு. நியூயார்க்கில் வசிக்கும் என் அண்ணன் மகள், கார்னெலில் பூச்சியியல் படிக்க வேண்டும் என்பதில் பத்தாம் வகுப்பிலிருந்தே உறுதியாக இருந்தாள். அங்குள்ள வேளாண் கல்லூரியில் அம்மாநிலத்தவருக்குக் கட்டணம் குறைவு. அண்ணனும் அண்ணியும் ஆகஸ்டிலேயே வரிப் படிவங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுக் காட்டும், கல்லூரித் தளத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்கள். வந்த தொகையை மகளிடம் காட்டி, எங்களால் இது முடியும் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவள் விண்ணப்பக் கட்டுரையையே எழுதத் தொடங்கினாள்.

டிசம்பரில் இடம் கிடைக்காத வருத்தத்தோடு, முன்பு பட்டியலிலேயே இல்லாத ஒரு கல்லூரிக்கு ஏர்லி டெசிஷன் 2 (அதே கட்டுப்பாட்டோடு வரும் இரண்டாம் சுற்று) போடச் சொல்லிப் பிள்ளையை நெருக்குவது பெருந்தவறு. ஜனவரிக் கெடு வரையிலான அந்த இரண்டு வாரத்தில், சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயமில்லாத ரெகுலர் விண்ணப்பங்களை அமைதியாக முடிக்க விடுங்கள்.