ஹோல்பைனின் தலையை ஹென்றி வெட்டவில்லை

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: மணப்பெண்ணாகப் பார்த்த ஜெர்மன் இளவரசி ஆன் ஆஃப் கிளீவ்ஸை ஓவியர் ஹோல்பைன் நிஜத்தைவிட அழகாக வரைந்து ஏமாற்றியதால், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அந்த ஓவியரின் தலையை வெட்டிவிட்டாராம். இது தவறு.

1539-இல் மன்னர் அனுப்பி ஹோல்பைன் ஜெர்மனியின் டூரன் நகருக்குப் போய் ஆனை வரைந்தது உண்மை. 1540 ஜனவரியில் நடந்த ஹென்றி–ஆன் திருமணம் ஜூலையில் செல்லாததாக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் அந்த மாதம் தலை வெட்டப்பட்டவர் அமைச்சர் தாமஸ் குரோம்வெல். கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர். ஹோல்பைன் அதற்குப் பிறகும் லண்டனில் ஓவியம் வரைந்துகொண்டுதான் இருந்தார். 1543 அக்டோபரில் உயில் எழுதினார், சில வாரங்களில் இறந்தார். அந்த உயில் இன்றும் இருக்கிறது.

அவர் ஏமாற்றினார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. படம் அச்சு அசலாக இருப்பதாக அங்கிருந்த தூதர் நிக்கோலஸ் வாட்டனே எழுதியிருக்கிறார். அதே ஆனின் சிற்றோவியம் ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. குறுக்களவு சுமார் நாலரை செ.மீ. தான்; ரோஜா வடிவில் செதுக்கிய தந்தச் சிமிழுக்குள் இருக்கிறது. பெரிய படம் பாரிஸ் லூவரில். இரண்டையும் அந்தந்த அருங்காட்சியக இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அந்தத் தகவல் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள்.