சுவார்ட்ஃபிஷ் விமானம் பற்றிப் பரவும் செய்தி: உண்மை விளக்கம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய இரட்டை இறக்கை டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) விமானமான சுவார்ட்ஃபிஷ், ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைத் தனியாகவே மூழ்கடித்தது என்றும், மிக மெதுவாகப் பறந்ததால் அதை எவராலும் சுட்டு வீழ்த்த முடியவில்லை என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இரண்டும் தவறு.

1941 மே 26 மாலை ஆர்க் ராயல் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய 15 சுவார்ட்ஃபிஷ் விமானங்களில் ஒன்று வீசிய டார்பிடோ, பிஸ்மார்க்கின் பின்பகுதியில் வெடித்து, சுக்கானைத் திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளச் செய்தது. நேராகச் செல்ல வழியின்றித் தடுமாறிய அக்கப்பலை மறுநாள் காலை ரோட்னி, ஐந்தாம் கிங் ஜார்ஜ் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பீரங்கிகள் சிதைத்தன. டார்செட்ஷையர் கப்பலும் டார்பிடோக்களை ஏவிய பின்னரே அது மூழ்கியது.

அந்தத் தாக்குதலில் ஒரு விமானமும் சுட்டு வீழ்த்தப்படவில்லை என்பது மெய்தான். ஆனால் 1942 பிப்ரவரி 12 அன்று ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மன் கப்பல்களைத் தாக்கச் சென்ற ஆறு சுவார்ட்ஃபிஷ் விமானங்களும் வீழ்ந்தன; அவற்றில் சென்ற 18 பேரில் 13 பேர் மாண்டனர். தலைமை தாங்கி உயிரிழந்த யூஜின் எஸ்மண்டுக்கு பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டதை 1942 மார்ச் மாத லண்டன் அரசிதழில் காணலாம். அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று இலங்கையிலும், கொழும்பு அருகே, ஆறு சுவார்ட்ஃபிஷ் விமானங்களை ஜப்பானியப் போர் விமானங்கள் வீழ்த்தின.

யாராலும் வீழ்த்த முடியவில்லை என்று எழுதுவது, மாண்ட அந்த வீரர்களையே மறைத்துவிடுகிறது. இச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம்.