ஸ்கார்பரோ கிரேக்கம் படித்தது வீண் என்பவர்களுக்கு

அமெரிக்கக் கறுப்பினக் கிரேக்க அறிஞர் ஸ்கார்பரோவைப் பற்றி முந்தாநாள் ஒரு பதிவு போட்டேன். அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "அடிமையாப் பிறந்தவர் தன் சனத்துக்கு ஒரு கைத்தொழில் கத்துக் கொடுத்திருக்கலாம், செத்த மொழிக்குப் பாடநூல் எழுதி யாருக்கு என்ன லாபம்?" அந்த வரிக்கு விழுந்த விருப்பங்களைப் பார்த்ததிலிருந்து மனசே ஆறவில்லை.

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1852-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் பிறந்தார். அம்மா அடிமை, அதனால் பிள்ளையும் அடிமை. அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். விளையாடப் போகிற மாதிரி, புத்தகத்தை மறைத்துக்கொண்டு கிளம்புவானாம் அந்தப் பையன். செருப்புத் தைக்கவும் பழகினார், கைத்தொழில் தெரியாதவர் இல்லை. ஆனால் எதைப் படிப்பது என்பதை அவரே முடிவு செய்தார். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். கிரேக்க இலக்கணம் தெரிந்த கறுப்பரைக் காட்டினால்தான் அவர்களை மனிதர்களாக ஏற்பேன் என்று அடிமைமுறையை ஆதரித்த அரசியல்வாதி கால்ஹூன் சொன்னதாக ஒரு பேச்சு அந்த நாட்டில் இருந்தது. 1881-ல் இவருடைய கிரேக்கப் பாடநூல் வந்தது.

என் சித்தப்பா ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் சோறு விழுகிற நேரத்தில், எல்லார் முன்னாலும் கேட்டார்: "பி.ஏ. தமிழா? உங்கப்பன் இருக்கிற நிலைமைக்கு இது தேவையா?" அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். அந்த முகம் இருபது வருஷமாக என் கண்ணை விட்டுப் போகவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் இதை யாரும் கேட்பதில்லை.

சரி, பசி முக்கியமில்லையா என்பீர்கள். முக்கியம்தான். அதே காலத்துக் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் தொழிற்கல்வியை வலியுறுத்தியதிலும் நியாயம் உண்டு. அதற்காக ஸ்கார்பரோ எதைப் படிக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்களா?

சொகுசாக வாழ்ந்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப வலித்தது. ஒஹாயோவில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகம் 1892-ல் அவரை வேலையை விட்டு அனுப்பியது. சில வருஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டது. 1908 முதல் 1920 வரை அதே இடத்துக்குத் தலைவராக இருந்து அதற்குப் பணம் திரட்ட அலைந்தார். இடையில் 1909, பால்டிமோர். இருபது வருஷத்துக்கு மேல் அவர் உறுப்பினராக இருந்த மொழியியல் சங்கத்தின் கூட்டம். கறுப்பர் வந்தால் விருந்து பரிமாற மாட்டோம் என்று ஹோட்டல் சொல்லிவிட்டது. அவர் போகவில்லை.

பதிவை எடுத்துவிடச் சொல்லி உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். பழங்காலக் கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகம் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பற்றித்தான் அடுத்து எழுதப் போகிறேன்.